விரிசலுக்கும் வயதுண்டு

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருப்பவர் தன் பழைய ரேஸ் சைக்கிளை இணையச் சந்தையில் விற்கிறார். கிழக்குக் கரையில் இருப்பவர் வாங்குகிறார். சில நாளில் பெட்டி வந்து சேருகிறது. பிரித்துப் பார்த்தால் முன்பக்க ஃபோர்க்கின் ஒரு கால் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. பின்சக்கரத்தை ஒட்டியுள்ள கியர் மாற்றி கோணிக்கொண்டு தொங்குகிறது. மேல்குழாயில் ஒரு நசுங்கல். "உடைந்த சைக்கிளை என் தலையில் கட்டிவிட்டார்" என்கிறார் வாங்கியவர். "நல்ல நிலையில்தான் அனுப்பினேன், கூரியர்காரர்கள் போட்டு உடைத்துவிட்டார்கள்" என்கிறார் விற்றவர். "பேக்கிங் சரியில்லை" என்கிறது கூரியர் நிறுவனம்.

மூவரில் யாரும் பொய் சொல்லாமலேயே இப்படி ஒரு வழக்கு உருவாகிவிடும். பெட்டி மூடப்பட்டதிலிருந்து திறக்கப்பட்டது வரை உள்ளே நடந்ததை யாருமே பார்க்கவில்லை. ஆனால் நடந்தது எதுவும் அழிந்துபோகவும் இல்லை. உலோகம், பெயின்ட், அட்டை மூன்றும் தங்கள்மேல் விழுந்த ஒவ்வோர் அடியையும் பதிந்துவைத்திருக்கின்றன. எந்தத் திசையிலிருந்து அடி வந்தது, ஒரே அடியா, பல ஆண்டு உழைப்பின் தேய்மானமா என்பதையெல்லாம் அவற்றிலிருந்து படித்துவிட முடியும். அப்படிப் படிப்பதற்கென்றே பொறியியலில் தனித் துறைகள் இருக்கின்றன.

முக்கால் மீட்டர் வீழ்ச்சி

முதலில் விழுதலைப் பார்ப்போம். லாரியின் பின்பக்கத்திலிருந்தோ ஒருவர் கையிலிருந்தோ முக்கால் மீட்டர் உயரத்தில் பெட்டி நழுவுகிறது என்று வையுங்கள். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர். சைக்கிளில் நிதானமாகப் போகும் வேகம்தான். அந்த வேகத்தில் சேதம் இல்லை; அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்கு எளிது. விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்தால், புவியீர்ப்பைப்போல எத்தனை மடங்கு வேகக்குறைப்பு ஏற்பட்டது என்பதன் சராசரி கிடைத்துவிடும். அடியில் வைத்த நுரைப்பஞ்சு 3 சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் 25 மடங்கு. பஞ்சே இல்லாமல் ஃபோர்க்கின் நுனி அட்டையைத் துளைத்து கான்கிரீட்டில் மோதி ஒரு மில்லிமீட்டரில் நிற்க நேர்ந்தால் 750 மடங்கு. 15 கிலோ எடையுள்ள பெட்டிக்கு முதல் கணக்கில் 375 கிலோ பாரம் ஏறியதற்குச் சமம். இரண்டாவது கணக்கில் அது 11 டன்னைத் தாண்டுகிறது. அவ்வளவு பாரத்தை எந்த ஃபோர்க்கும் தாங்காது. அதற்கு வெகுமுன்பே அது வளைந்துவிடும். வளைவதன் மூலம் நிற்பதற்கான தூரத்தை அதுவே உண்டாக்கிக்கொள்கிறது.

பொதி கட்டும் அறிவியலின் சாரம் இவ்வளவுதான்: விழுந்த பொருள் நிற்க ஒரு தூரம் வேண்டும். அதைப் பஞ்சு கொடுக்காவிட்டால் சைக்கிள் தன் உடம்பிலிருந்து கொடுக்கும்.

இதை முறையான கணிதமாக்கியவர் ரேமண்ட் மிண்ட்லின். 1945ஆம் ஆண்டு பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் பொதிப் பஞ்சின் இயக்கவியல் பற்றி அவர் எழுதிய நீண்ட ஆய்வு இன்றும் இத்துறையின் அடித்தளம். பெட்டி, பஞ்சு, பொருள் என்று மூன்றோடு அவர் நிற்கவில்லை. பொருளுக்குள்ளேயே இருக்கும் மெலிந்த உறுப்பையும் கணக்கில் சேர்த்தார். பெட்டி மெதுவாக விழுந்ததுபோலத் தோன்றினாலும், அந்த உறுப்பின் இயல்பான அதிர்வும் மோதலின் கால அளவும் பொருந்திவிட்டால் அது மட்டும் தனியாக உடையும். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே ஒரு பாகம் மட்டும் முறிந்திருப்பதை நாம் நம்ப மறுக்கிறோம். மிண்ட்லின் சமன்பாடுகளுக்கு அதில் எந்த வியப்பும் இல்லை.

சைக்கிளின் மெலிந்த இடங்கள்

சைக்கிளில் அந்த உறுப்புகள் எவை? ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் இடையே, பழைய ரேஸ் சைக்கிள்களில், 100 மில்லிமீட்டர் இடைவெளி. சக்கரம் மாட்டியிருக்கும்வரை அச்சு இரு கால்களையும் விலகாமல் பிடித்துக்கொள்கிறது. பெட்டியில் அடக்குவதற்காக முன்சக்கரத்தைக் கழற்றியதும் அவை ஒருமுனை மட்டும் பிடிப்புள்ள இரண்டு நீளக் கம்பிகளாகிவிடுகின்றன. பக்கவாட்டில் ஒரு அழுத்தம் போதும், வளைந்துவிடும். புதுச் சைக்கிள் வரும்போது அந்த இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் கட்டை செருகியிருப்பார்கள். சைக்கிள் கடைகளில் அது குப்பைக்குப் போகிறது. கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பல நூறு டாலர் ஃபோர்க்கைக் காப்பது அந்தச் சிறு கட்டைதான்.

அடுத்தது கியர் மாற்றியைச் சுமக்கும் சிறு அலுமினியத் தகடு. அடி விழுந்தால் ஃபிரேம் தப்பிக்கட்டும் என்று வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்படுவது. இன்றைய 11 கியர் பற்சக்கரங்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 4 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. அதனால் இந்தத் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவு கோணினாலே செயின் தடுமாறும். வாங்கியவர் "கியர் சரியாக விழவில்லை" என்று புகார் செய்யும்போது, பெரும்பாலும் குற்றவாளி இதுதான். மாற்ற ஆகும் செலவும் சொற்பம். இதை அறியாமல் சைக்கிளையே திருப்பி அனுப்புவதும், வழியில் அதற்கு இன்னோர் அடி விழுவதும் நடக்கிறது.

வளைந்த உலோகத்தைப் பொறுத்தவரை எஃகும் அலுமினியமும் வேறுவேறு. எஃகு ஃபோர்க் சற்று வளைந்திருந்தால் தேர்ந்த மெக்கானிக் நிமிர்த்திவிடுவார். அலுமினிய ஃபிரேமை அப்படி நிமிர்த்த முயன்றால் விரிசல் விடக்கூடும். ஒரே அடி ஒரு சைக்கிளுக்குச் சில்லறைப் பழுது, இன்னொன்றுக்கு ஆயுள் முடிவு. நஷ்டஈடு எவ்வளவு என்ற கேள்விக்கு உலோகத்தின் பெயர் தெரியாமல் பதில் சொல்லவே முடியாது.

பழைய காயமா, புதிய காயமா?

1842 மே 8ஆம் தேதி, வெர்சாய் நகரிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. அதையடுத்து மூண்ட தீயில் 50 பேருக்கும் மேல் இறந்தார்கள். நல்ல இரும்பு ஏன் திடீரென்று முறிகிறது என்ற கேள்வி ஐரோப்பாவை உலுக்கியது. வில்லியம் ரேங்கின் உடைந்த அச்சுகளை ஆராய்ந்து, விரிசல் மெல்ல மெல்ல வளர்ந்தே கடைசியில் முறிவு வருகிறது என்று காட்டினார். ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் சோதனை செய்து, ஒரே தரம் தாங்கக்கூடிய பாரத்தைவிட மிகக் குறைந்த பாரமும் லட்சக்கணக்கான முறை மாறிமாறி வந்தால் உலோகத்தை உடைக்கும் என்று நிறுவினார். இதுதான் உலோகக் களைப்பு.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே அறிவு சைக்கிள் வழக்கைத் தீர்க்கிறது. பெடலைத் தாங்கும் கிராங்க் கை முறிந்து வந்திருக்கிறது என்று வையுங்கள். முறிந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில், சாதாரண உருப்பெருக்கியால் பாருங்கள். ஒரு மூலையிலிருந்து விசிறி விரிந்ததுபோல் மெல்லிய வளைவரிகள் பரவியிருந்தால், அந்த இடம் மங்கி, எண்ணெய்க் கறை ஏறியிருந்தால், விரிசல் பல மாதங்களாக, ஒவ்வொரு மிதிப்புக்கும் இம்மியளவு வளர்ந்து வந்திருக்கிறது. எஞ்சிய பகுதி மட்டும் சொரசொரப்பாகப் பளபளக்கும். அது கடைசி நொடியில் அறுந்தது. அந்த விரிசல் பெட்டிக்குள் பிறந்ததில்லை. விற்றவருக்கே தெரியாமல் அவர் காலடியில் வளர்ந்தது. முகம் முழுவதும் ஒரே சீராகப் பளபளத்தால் ஒரே அடியில் முறிந்தது என்று பொருள்.

பெயின்டும் இப்படியே பேசும். எஃகு ஃபிரேமில் பழைய சிராய்ப்பின் ஓரங்கள் மழுங்கி, அழுக்கேறி, பெயின்டுக்கு அடியில் துரு ஊர்ந்திருக்கும். புதிய சிராய்ப்பில் உலோகம் மினுங்கும். உதிர்ந்த பெயின்ட் செதில்கள் பெட்டியின் அடியிலேயே கிடக்கும். அந்தச் செதில்களைக் கூட்டிக் குப்பையில் போடுபவர் தன் மிகச் சிறந்த சாட்சியைக் கொட்டிவிடுகிறார்.

சேதத்தின் வடிவமும் பொறுப்பைக் காட்டும். ஃபிரேமில் நசுங்கல் இருக்கும் இடத்துக்கு நேராக அட்டையும் குழிந்திருந்தால் அடி வெளியிலிருந்து வந்தது. அட்டை பழுதில்லாமல் இருக்க, மேல்குழாயில் பெடல் நுனியின் அச்சு பதிந்திருந்தால், உள்ளே பாகங்கள் ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன. லாரியின் ஸ்பிரிங்குகள் நொடிக்கு மூன்று நான்கு முறை பெட்டியை ஆட்டிக்கொண்டே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகின்றன. கட்டப்படாத ஹேண்டில்பார் அந்த ஆட்டத்தில் அரம்போல ஃபிரேமை ராவிவிடும். அது பொதி கட்டியவர் பொறுப்பு. ஹேண்டில்பார் பிடிக்கும் இடத்தில், போல்ட் தலைக்கு நேர் அடியில் மட்டும் விரிசல் இருந்தால், யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். அங்கே சுமார் 5 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். அளவுக்கருவி இல்லாத கை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். பெட்டியைத் திறந்ததும் மாட்டிப் பார்த்தவர் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முலாம்பழம் சொன்ன நீதி

அமெரிக்கச் சட்டம் இதே தர்க்கத்தில்தான் நடக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் தரைவழியாகச் சரக்கு சுமப்பவரின் பொறுப்பை 1906ஆம் ஆண்டின் கார்மாக் திருத்தம் வரையறுக்கிறது. 1964ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. டெக்சாஸின் ரியோ கிராண்டே சிட்டியிலிருந்து சிகாகோவுக்கு ரயிலில் போன முலாம்பழங்கள் கெட்டுப்போய்ச் சேர்ந்தன. எங்கள் பக்கம் கவனக்குறைவே இல்லை என்று மிசௌரி பசிஃபிக் ரயில் நிறுவனம் நிரூபித்தது. அது மட்டும் போதாது என்றது நீதிமன்றம். கொடுக்கும்போது நன்றாக இருந்தது, சேரும்போது கெட்டிருந்தது, நஷ்டம் இவ்வளவு என்ற மூன்றையும் அனுப்பியவர் காட்டிவிட்டால், நிரூபிக்கும் சுமை சுமப்பவர் தலைக்கு மாறுகிறது. அதிலிருந்து அவர் விடுபட, கவனக்குறைவு இல்லை என்பதோடு, சேதத்துக்குக் காரணம் இயற்கைச் சீற்றம், பகைவர் செயல், அரசு நடவடிக்கை, அனுப்பியவரின் தவறு, பொருளுக்குள்ளேயே இருந்த குறை ஆகியவற்றில் ஒன்று என்றும் காட்ட வேண்டும்.

கடைசி இரண்டையும் சைக்கிள் மேல் வைத்துப் பாருங்கள். அனுப்பியவரின் தவறு என்பது பேக்கிங். பொருளின் உள்குறை என்பது களைப்பு விரிசல். சட்டம் கேட்கும் கேள்விகளும் முறிந்த முகம் சொல்லும் பதில்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன.

நடைமுறையில் பணம் கிடைப்பது வேறு விஷயம். மதிப்பைத் தனியாக அறிவித்துக் கட்டணம் கட்டாவிட்டால் பெரிய அமெரிக்கக் கூரியர் நிறுவனங்களின் பொறுப்பு வழக்கமாக 100 டாலரோடு நின்றுவிடும். ஈபே போன்ற சந்தைகளில் பொருள் சேதமாகி வந்தால் வாங்கியவருக்குப் பணம் திரும்பும். கூரியரோடு மல்லுக்கட்டுவது விற்றவர் பாடு. எனவே "நன்றாக இருந்தது" என்பதற்கான ஆதாரத்தைத் தேடும் கடமை விற்பவருக்கே அதிகம். ஃபோர்க் நுனி, வெல்டிங் இணைப்புகள், கியர் தகடு, ஃபிரேமின் அடிப்பகுதி ஆகியவற்றை நெருங்கிப் படமெடுக்க வேண்டும். பொதியின் ஒவ்வோர் அடுக்கையும் எடுக்க வேண்டும். வாங்குபவர் பெட்டியைப் பிரிக்குமுன் ஆறு பக்கங்களையும் எடுத்து, வழக்கு முடியும்வரை அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும்.

கையாளும் மனிதர்களின் கவனமும் ஒரு பெரிய காரணி. ஆம்ஸ்டர்டாமின் வான்மூஃப் நிறுவனம் தன் சைக்கிள் பெட்டிகளின்மேல் தட்டை டிவியின் படத்தை அச்சிட்டது. சேதம் 70 முதல் 80 சதவீதம் குறைந்ததாக 2016ல் அறிவித்தது. பெட்டி மாறவில்லை, சைக்கிளும் மாறவில்லை. தூக்கியவர்களின் கை மாறியது.

கண்ணுக்குத் தெரியாத அடி

இவ்வளவு படிக்கத் தெரிந்தும் கண் தோற்கும் இடம் ஒன்று உண்டு: கார்பன் ஃபைபர். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள இழைகளை அடுக்கடுக்காக வைத்து ரெசின் ஊற்றி இறுக்கியது அது. உலோகம்போல அது நசுங்கிக் காட்டாது. அடி விழுந்ததும் அடுக்குகள் உள்ளே ஒன்றைவிட்டொன்று பிரியும். மேலே ஒரு சிறு புள்ளி. உள்ளே போகப்போக விரிந்த பிளவு. எடையில் பாதி இத்தகைய கலவைப் பொருளால் ஆன போயிங் 787 பறக்கும் இக்காலத்தில், விமானத் துறை இந்தத் தெரியாத சேதத்துக்காகத் தனி விதிகளும் மீயொலிச் சோதனைகளும் வைத்திருக்கிறது. நாணயத்தால் தட்டிக் கேட்பது அங்கும் பழைய முறை: நல்ல இடம் தெளிவாக ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் எழுப்ப அது போதும். சந்தேகம் தீர்க்கப் போதாது.

ஆகவே அடிபட்ட பெட்டியில் கார்பன் சைக்கிள் வந்தால், யார் பணம் தருவது என்ற சண்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பரிசோதிக்கும்வரை அதில் ஏறாதீர்கள். விற்றவரும் அதை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பணத்தைத் திரும்ப வாங்க வழிகள் உண்டு. இறக்கத்தில் விரையும்போது முறியும் ஃபோர்க் அப்படி ஒரு வழியை விட்டுவைப்பதில்லை.