மடியில் கனமும் மனத்தில் பயமும்

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். இக்காலத்திலோ பயம் நீங்க வேண்டும் என்பதற்காகவே மடியில் கொஞ்சம் கனத்தைக் கட்டிக்கொண்டால் என்ன என்று சிலர் யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் கனம் ஒரு சிறு கைத்துப்பாக்கி. இது வீண் வேடிக்கைப் பேச்சன்று. நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் ஆராய வேண்டிய விஷயம்.

அவிநாசியிலிருந்து திருப்பூர் வழியாக வரும் சாலை, கோவை - திருச்சி நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் இருக்கிறது அவிநாசிபாளையம். சுற்றிலும் தோட்டங்கள், தோட்டத்துக்கு ஒன்றாகச் சாளைகள். ஒரு சாளையில் கூவினால் அடுத்த சாளைக்குக் கேட்காது. பிள்ளைகளும் மருமக்களும் பனியன் கம்பெனிகளை நாடித் திருப்பூருக்குக் குடிபோய்விட, மாட்டையும் தென்னையையும் விட்டுவர மனமில்லாத பெரியவர்கள் மட்டும் அங்கே விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஓரிரவு, அவிநாசிபாளையம் போலீஸ் சரகத்தைச் சேர்ந்த சேமலைக்கவுண்டன்பாளையத்தில், தோட்டத்து வீடொன்றில் தாய், தந்தை, மகன் ஆகிய மூவரும் கொலையுண்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு ஜில்லா சிவகிரிப் பக்கத்திலும் தோட்டத்து வீட்டில் தனித்திருந்த வயோதிகத் தம்பதிகளுக்கு அதே கதி நேர்ந்தது தெரிய வந்தது. அதன் பிறகு, “வீட்டிலே ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்?” என்ற கேள்வி யாருக்கும் எழக் கூடியதே. கேள்வி நியாயமானது. அதற்கு விடையும் நியாயமாக இருக்க வேண்டுமல்லவா?

முதலில் உரிமையைப் பார்ப்போம். 1878-இல் லிட்டன் பிரபு ஆட்சியில் பிறந்த ஆயுதச் சட்டம், வெள்ளையர்களுக்கு விலக்களித்து, இந்நாட்டு மக்களை மட்டும் லைசென்ஸுக்காகக் கைகட்டி நிற்க வைத்தது. அந்த அவமானம் நம் தலைவர்களின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை வகுத்த அடிப்படை உரிமைகளில், ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்று. ஆயினும் சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனத்தில் அது இடம் பெறவில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நிற பேதத்தை ஒழித்தது; லைசென்ஸை ஒழிக்கவில்லை. இருபத்தொரு வயது நிரம்பியவர் மனுச் செய்யலாம். போலீஸார் விசாரித்து அறிக்கை தருவார்கள். பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்குச் சான்று வேண்டும். லைசென்ஸ் இன்றி ஒரு துப்பாக்கியை வைத்திருந்தால், 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறைவாசம் கிடைக்கும்.

மறைத்து எடுத்துச் செல்லலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சுவையான செய்தி. மறைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே நம் நாட்டு விதி! 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடலோடு பிணைத்த உறையிலோ பையிலோ, முற்றிலும் மூடப்பட்டே இருக்க வேண்டும். கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் வீரத்துக்கும் அவ்விதிகளில் இடமில்லை.

இனி யந்திரத்தின் விஷயம். 9 மில்லிமீட்டர் போன்ற படைத்துறை அளவுகள் சாமானியப் பிரஜைகளுக்குத் தடை செய்யப்பட்டவை. எனவே பெரும்பாலோர் நாடுவது .32 அளவு, அதனினும் சிறியது.22. டில்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமையில் உயிர் துறந்த பெண்ணை ‘நிர்பயா’ என்று நாடு அழைத்தது. அந்தப் பெயரின் எதிரொலியாக, 2014 ஜனவரியில் கான்பூர் சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்னும் .32 ரிவால்வரை ஸ்திரீகளுக்கென்று வெளியிட்டது. டைட்டானியம் கலந்த உலோகம், எடை அரைக் கிலோ, கைப்பைக்குள் அடங்கும். அன்று சொன்ன விலை ரூ. 1,22,360. ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளிப் பெண் அந்த விலையைக் கேட்டாலே போதும்; துப்பாக்கி வெடிக்காமலே திடுக்கிட்டு விழுவாள். பிறகு இஷாப்பூர்த் தொழிற்சாலையிலிருந்து கால் கிலோ எடையில் ‘நிடர்’ என்னும் .22 ரிவால்வர் வந்தது. 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து 700 கிராம் எடையுள்ள ‘பிரபல்’ வந்தது, அளவு.32 தான்.

எது இலேசோ அதுவே நல்லது என்று எண்ணத் தோன்றும். இங்கேதான் இயற்கை நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. குண்டு முன்னே பாயும் விசைக்குச் சமமான விசை துப்பாக்கியைப் பின்னே தள்ளும். இது நியூட்டன் கண்ட நியதி. .32 தோட்டாவின் குண்டு ஏறக்குறைய ஆறு கிராம். விநாடிக்கு இருநூறு மீட்டருக்கு மேல் பாய்வது. அதே தோட்டாவை 700 கிராம் துப்பாக்கியிலும் 500 கிராம் துப்பாக்கியிலும் போட்டுச் சுட்டால், இலேசானது ஐந்துக்கு ஏழு என்ற விகிதத்தில் அதிக வேகத்தோடு கையை உதைக்கும். .22 குண்டின் எடை அதில் பாதியும் இல்லை. ஆனால் துப்பாக்கியின் எடையையும் பாதியாக்கிவிட்டால் கிடைத்த லாபத்தில் பெரும் பகுதி போய்விடும். சுமக்க இலேசாக இருப்பது சுடக் கடினம். சுட எளிதாக இருப்பது சுமக்கக் கடினம். இரண்டையும் ஒருங்கே தரும் துப்பாக்கி இல்லை.

உதைப்பு ஒன்று மட்டுமா? ரிவால்வரில் சுத்தியைப் பின்னே இழுக்காமல் விசையை அழுத்தினால் விரலுக்கு நல்ல பலம் வேண்டும். பிஸ்டலில் மேற்சட்டத்தைப் பின்னுக்கு இழுக்க இரண்டு கைகளுக்கும் பலம் வேண்டும். முடக்கு வாதத்தால் விரல் மடங்காத அறுபது வயதுக்காரருக்கு ரிவால்வரே அமைப்பில் எளியது; தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதும் பார்த்தவுடன் தெரியும். ஆயினும் வாங்குமுன் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். பிடி உள்ளங்கையில் நிறைய வேண்டும். விரல் நுனி விசையைத் தாராளமாகத் தொட வேண்டும். பயிற்சிக் கூடத்தில் பத்து முறை சுட்டபின் பதினோராவது முறை சுடக் கை கூசுமானால், அந்தத் துப்பாக்கி அவருக்கு ஏற்றதன்று.

இவ்வளவும் செய்து ஒருவர் வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பேரன் பேத்திகள் விடுமுறைக்கு வருவார்கள். ஆகவே துப்பாக்கி பூட்டுக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள். நடுநிசியில் கதவு உடைபடும்போது சாவியைத் தேட வேண்டும், கண்ணாடியைத் தேட வேண்டும். அது எளிதில் கைக்கு எட்டினால் குழந்தைக்கும் எட்டும், திருடனுக்கும் எட்டும். சில வீடுகளில் திருடன் தேடி வரும் பொருளே துப்பாக்கியாகவும் இருக்கலாம். தேர்தல் வந்தாலோ, ஆயுதங்களைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருவது வழக்கம். அந்த வாரங்களில் திருடர்கள் ஓய்வெடுப்பார்கள் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

சட்டம் தற்காப்பை மறுக்கவில்லை. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதை, கொள்ளையிலும், இரவில் வீடு உடைத்துப் புகும்போதும், உயிரைப் போக்கும் அளவுக்குக்கூடத் தற்காப்பு உரிமை அளிக்கிறது. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யலாகாது என்ற வரம்பும் கூடவே நிற்கிறது. இருட்டில் வந்தது கள்வனா, தண்ணீர் திருப்ப வந்த ஆளா என்று அரைக்கணத்தில் தீர்மானிக்கும் பொறுப்பைச் சட்டம் யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்வதில்லை.

எனவே நாம் சொல்வது இதுதான். துப்பாக்கி வாங்க விரும்பும் பெரியவர்களைப் பரிகசிக்க நமக்கு உரிமையில்லை. அவர்களுடைய இரவுகள் நம்முடைய இரவுகள் அல்ல. ஆனால் அது கடைசி வரிசைக் காவல். அதற்கு முன்வரிசைகள் பல உண்டு: குரைக்கும் நாய், வாசலில் எரியும் விளக்கு, கண்காணிப்புக் காமிரா, உள்ளிருந்து போடும் வலுவான தாழ்ப்பாள், வங்கிப் பெட்டகத்தில் நகை, இரவு ரோந்து வரும் போலீஸார், தினம் ஒருமுறை தொலைபேசியில் விசாரிக்கும் பிள்ளைகள். தூங்குபவர் கையில் துப்பாக்கியும் தூங்கும், நாய் தூங்குவதில்லை. முன்வரிசைகளில் ஒன்றும் இல்லாத வீட்டில் ரிவால்வர் மட்டும் இருந்தால், மடியில் கனம் ஏறுமேயன்றி மனத்தில் பயம் குறையாது.

கிழவரும் கிழவியும் தங்கள் சொந்தத் தோட்டத்தில் ஆயுதமின்றி நிம்மதியாகக் கண்ணயரச் செய்வதே சர்க்காரின் முதற் கடமை. அந்தக் கடமையை அரைக் கிலோ உலோகத்தின் தலையில் கட்டிவிட்டு யாரும் கை கழுவிக்கொள்ள வேண்டாம்.