மெத்தனால் எந்த வழியாக வந்தது?

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் இருக்கிறது வடக்கனந்தல் பேரூராட்சி. மேலே மலையில் வெல்லமும் மரப்பட்டையும் போட்டு ஊறல் வைப்பதும், மதுவிலக்குப் போலீஸார் பேரலைக் கவிழ்த்து அழிப்பதும், தப்பிய சரக்கு லாரி டியூப்பில் கீழே இறங்குவதும் இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதுச்செய்தி அல்ல. 2024 ஜூன் 18-ம் தேதி கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் மறுநாள் முதல் கொத்துக்கொத்தாக இறந்தபோது, பலருடைய பார்வையும் மலைப் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

ஆனால், 65-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மலையில் காய்ச்சிய சாராயம் அல்ல, மெத்தனால். வார்னிஷுக்கும் பெயின்ட்டுக்கும் போகவேண்டிய தொழிற்சாலை ரசாயனம். உடலுக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் பார்வை நரம்பைத் தாக்கும். பிறகு மூச்சு திணறும். உடனே சிகிச்சை கிடைத்தால் பலரைக் காப்பாற்றலாம். அந்த முதல் மணி நேரங்களில்தான் மாவட்ட நிர்வாகம் சாவுக்குச் சாராயம் காரணமல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஜூன் 20-ம் தேதி சட்டப்பேரவை கூடியது. மறுநாள் அ.தி.மு.க. உறுப்பினர்கள் கறுப்புச் சட்டையில் வந்தார்கள், முழக்கமிட்டார்கள், வெளியேற்றப்பட்டார்கள். கள்ளக்குறிச்சி எம்.எல்.ஏ. செந்தில்குமார் 2023-லேயே இந்தச் சாராய வியாபாரம் பற்றிப் பேரவையில் பேச முயன்றும் அனுமதி கிடைக்கவில்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஜூன் 26 அன்று கூட்டத்தொடர் முழுவதற்கும் சஸ்பெண்ட் ஆனார்கள். மூன்றே நாளில், ஜூன் 29 அன்று, அமைச்சர் முத்துசாமி கொண்டுவந்த மதுவிலக்குத் திருத்த மசோதா நிறைவேறியது. இத்தனை உயிர் போன விஷயத்தில், பிரதான எதிர்க்கட்சி இல்லாத அவையில் விவாதம் முடிந்துபோனது ஜனநாயகத்துக்கு நல்லதல்ல.

திருத்தம் 1937-ம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனைகளைக் கடுமையாக்கியது. சாராயம் குடித்து உயிர் போனால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை, பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். அன்றைய விவாதத்தில் மூத்த அமைச்சர் துரைமுருகன், டாஸ்மாக் சரக்கில் ‘கிக்’ போதாததால்தான் உடலுழைப்பாளிகள் கள்ளச்சாராயத்தைத் தேடுகிறார்கள் என்றார். விலையைப் பற்றி யோசித்திருக்கலாம். டாஸ்மாக்கில் மலிவான குவாட்டரே அப்போது 140 ரூபாய். பாக்கெட் சாராயம் ஐம்பது, அறுபது ரூபாய்தான். மூட்டை தூக்கியும் பெயின்ட் அடித்தும் அன்றாடக் கூலி வாங்குகிற கருணாபுரத்துக்காரர் எதை வாங்குவார்?

கடுந்தண்டனை மட்டும் போதுமா என்பதற்கு குஜராத்தைப் பார்க்கலாம். 2009-ல் அகமதாபாத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விஷச்சாராயத்தில் இறந்த பிறகு, அங்கே மரண தண்டனை வரை போகும் சட்டம் வந்தது. 2022 ஜூலையில் போடாட் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கும் மெத்தனால்தான், அங்கும் ஒரு தொழில் நிறுவனத்திலிருந்து திருட்டுத்தனமாக வெளியே போன சரக்குதான். நம் ஊரிலும் 2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பக்கம் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே ரசாயனத்தால் இறந்திருந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு மெத்தனால் போகும் வழிகளை அடைத்திருந்தால் கருணாபுரத்துக்கு அது வந்தே இருக்காது.

வழியை அடைக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. மெத்தனாலை வாங்க, வைத்திருக்க, விற்க உரிமம் வேண்டும் என்று 1959-லேயே தமிழ்நாட்டில் விதிகள் வந்துவிட்டன. ஆக, ஒவ்வொரு டிரம்முக்கும் கணக்கு இருந்தாக வேண்டும். எந்த ஆலை வாங்கியது, எவ்வளவு செலவானது, மிச்சம் எங்கே என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும். டாஸ்மாக் கடை பள்ளியிலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதியை மக்கள் டேப் வைத்து அளந்து போராடுகிறார்கள். மெத்தனால் குடோனின் இருப்பை மக்களால் அப்படி அளக்க முடியாது. அது அரசின் வேலை. அரசால் மட்டுமே முடிகிற வேலை.

கண்காணிக்க வேண்டியவர்களைப் பற்றிய கடுமையான கேள்விகள் நீதிமன்றத்தில் எழுந்தன. கருணாபுரம் ஏதோ எட்டாத மலைக்கிராமம் அல்ல, மாவட்டத் தலைநகருக்குள்ளேயே இருக்கிறது. 2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம், காவல் துறை கண்டும் காணாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டி, வழக்கை சி.பி.சி.ஐ.டி.யிடமிருந்து சி.பி.ஐ.க்கு மாற்றியது. சாவுகளுக்குப் பின் சஸ்பெண்ட் ஆன மாவட்ட எஸ்.பி. திரும்பப் பணிக்கு எடுக்கப்பட்டதும் அந்த வழக்கில் விமர்சனத்துக்கு உள்ளானது. அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

இன்னொரு வழக்கில், கல்வராயன் மலை மக்களின் சாலை, மருத்துவம், பிழைப்பு பற்றி உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. மரவள்ளியும் சாமையும் மட்டும் கைகொடுக்காத குடும்பங்களுக்கு வேறு வருமானம் அமையாத வரை, கவிழ்த்த பேரலுக்குப் பதில் இன்னொரு பேரல் வந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த மதுவிலக்கு மானியக் கோரிக்கையின்போது உறுப்பினர்கள் அமைச்சரிடம் முதலில் இரண்டு கணக்குகளைக் கேட்க வேண்டும்: கடந்த ஓராண்டில் எத்தனை மெத்தனால் உரிமதாரர்களின் இருப்பு நேரில் சரிபார்க்கப்பட்டது, கணக்கில் குறைந்த சரக்குக்காக எத்தனை உரிமங்கள் ரத்தாகின?