பங்குனியில் கரையேறும் கூர்மம்

பங்குனி மாதம் பிறந்துவிட்டால் திருமயிலையில் கொடி ஏறும். கபாலீசுவரப் பெருமானின் பெருவிழாவில் ஏழாம் நாள் திருத்தேர். எட்டாம் நாள் அறுபத்து மூவர் உற்சவம். மாட வீதிகள் கொள்ளாத கூட்டம். விழாக் கண்டு, பிரசாதம் பெற்று, ஊர் உறங்கப் போன பின்பு, அதே சென்னையின் கடற்கரையில் இன்னொரு வருகை நிகழ்கிறது. அதற்கு மேளமும் இல்லை, தீவட்டியும் இல்லை. அலை ஒதுக்கிய ஈர மணலில் கரிய உருவமொன்று மெல்ல மெல்ல ஊர்ந்து ஏறுகிறது. நாற்பது கிலோ அளவு எடையும் இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் கொண்ட கடலாமை அது. மீனவப் பெருமக்கள் அதற்கு இட்ட பெயரே பங்குனி ஆமை.

மார்கழி முடிந்து தை பிறக்கும் காலத்தில் தொடங்கும் இவ்வருகை, மாசி, பங்குனி மாதங்களில் மிகுந்து, சித்திரையில் ஓய்கிறது. முட்டையிடுவதற்காகவே தாய் ஆமை கரைக்கு வருகிறது. ஆண் ஆமையோ, மணலில் பிறந்து கடலுள் இறங்கிய பின்னர், வாழ்நாளில் மீண்டும் கரை ஏறுவது அரிது.

நினைவால் வளர்க்கும் தாய்

ஆமை நம் வழிபாட்டுக்கு அயலானதன்று. பாற்கடல் கடைந்தபோது மந்தர மலை அமிழாதபடி முதுகில் தாங்கிய திருமால், கூர்மாவதாரம் கொண்டார். அவ்வடிவிலேயே அவர் வழிபடப்பெறும் திருத்தலம் ஆந்திரத்தில் உள்ள ஸ்ரீகூர்மம். ஆமை வடிவம் தாங்கித் திருமால் சிவபெருமானைப் பூசித்த தலம் காஞ்சிபுரத்துக் கச்சபேசுவரர் கோயில். பூசையில் இறைவனுக்கு ஆசனம் அமைக்கும்போது கூர்மாசனமும் இடம்பெறுகிறது. புலன்களை ஒடுக்கிய ஞானிக்கு, உறுப்புகளை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமையைக் கீதையும் திருக்குறளும் உவமை கூறுகின்றன.

இவற்றினும் நுட்பமான செய்தி ஒன்று குரு தீட்சையைப் பற்றிச் சொல்லப்படுகிறது. பறவை தன் முட்டையைத் தொட்டு அடைகாக்கும். அது ஸ்பரிச தீட்சைக்கு உவமை. மீன் தன் முட்டையைப் பார்த்தே பொரிக்கும். அது நயன தீட்சைக்கு உவமை. ஆமையோ கரையில் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குள் போய்விடும்; அங்கிருந்து இடைவிடாது நினைத்தே குஞ்சுகளை வளர்க்கும். அது மானச தீட்சைக்கு உவமை. எங்கோ இருக்கும் குரு நினைத்த மாத்திரத்தில் சீடன் உய்வு பெறுவதை விளக்கப் பெரியோர் கண்ட உவமை இது.

முட்டையிட்ட தாய் திரும்பி வந்து அவற்றைப் பார்ப்பதில்லை என்பது கண்கூடு. பின் துடுப்புகளால் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற குழியை அது தோண்டும். நூறு முட்டைகள் அளவில் இடும். மணலைத் தள்ளி மூடி, தன் உடலையே இருபுறமும் மாற்றி மாற்றி அடித்து மண்ணை இறுக்கும். அப்போது அதன் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்கும். உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பி அது என்பது அறிவியல். அருகிலிருந்து காண்பவருக்கோ பிரசவ வேதனையில் ஒரு தாய் அழுவதாகவே தோன்றும். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, அது வந்த வழியே அலைக்குள் மறைந்துவிடும். அதன்பின் நாற்பத்தைந்து நாள் முதல் ஐம்பத்தைந்து நாள் வரை அந்த முட்டைகளுக்கு மணலின் வெம்மையே துணை.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். உவமையில் வரும் ஆமை தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக்கொள்ளும். கடலாமைக்கு அந்த வசதி இல்லை. நீந்துவதற்கேற்ப அமைந்த அதன் துடுப்புகளும் தலையும் ஓட்டுக்குள் அடங்குவதில்லை. கரையில் அது முற்றிலும் அடைக்கலப் பொருள்.

யார் வீட்டில் யார் புகுந்தது?

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது ஊர் வழக்கு. பங்குனி ஆமைகளின் வழியில் நின்று பார்த்தால், அந்தப் பழமொழியைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். பல தலைமுறைகளாக அவை முட்டையிட்ட மணல்மேட்டில்தான் இன்று வீடுகளும் சாலைகளும் விளக்குக் கம்பங்களும் நிற்கின்றன. முன்பு முட்டைகளைத் தோண்டி எடுத்து விற்போர் இருந்தனர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்து, அதன் முதல் அட்டவணையில் கடலாமைகளும் இடம்பெற்ற பின் அந்தத் தொழில் பெரிதும் குறைந்தது. எனினும் தெருநாய்கள் குழியைத் தோண்டுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய இடர், வெளிச்சம். இரவில் மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு, எத்திசை ஒளிர்கிறதோ அத்திசையே கடல் என்று கொண்டு செல்லும். விண்மீன்களின் ஒளி பட்டுக் கடல்நீரே மினுங்கிய நாளில் அந்த அறிவு பிழைபடவில்லை. இன்று சாலை விளக்குகள் கடலைவிடப் பன்மடங்கு ஒளிர்கின்றன. பிறந்த குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிச் சாலையை நோக்கி ஊர்கின்றன. விடியலில் வெயிலுக்கும் காக்கைக்கும் வாகனச் சக்கரத்துக்கும் இரையாகின்றன.

ஐம்பது ஆண்டு நடை

இந்த அடைக்கலப் பொருளைக் காக்க முற்பட்டோர் பெரும் பதவியில் இருந்தவர்கள் அல்லர். 1970களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர் சிலர் இரவில் கரையோரமாக நடந்து முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான சதீஷ் பாஸ்கர், சென்னை ஐ.ஐ.டி. படிப்பை விட்டுவிட்டு ஆமைகளின் பின்னே சென்றவர். இந்தியக் கரையின் பெரும் பகுதியைக் கால்நடையாகவே நடந்து, எங்கெங்கு ஆமைகள் முட்டையிடுகின்றன என்று குறித்து வைத்தார்.

1982ஆம் ஆண்டு மழைக்காலத்தில், லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் ஆமைகளைக் கவனிப்பதற்காக அவர் தன்னந்தனியே மாதக்கணக்கில் தங்கியிருந்தார். படகுப் போக்குவரத்து நின்றுபோன காலம். மனைவிக்குக் கடிதம் எழுதி, புட்டியில் இட்டு அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒதுங்கியது. கண்டெடுத்த மீனவர் ஒருவர் அதனை அஞ்சலில் சேர்க்க, கடிதம் அம்மையாரின் கையை அடைந்தது. நினைவு கடலைக் கடந்து சேரும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

1988இல் சென்னைக் கல்லூரி மாணவர்கள் ஒன்றுகூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினைத் தொடங்கினர். ஊதியம் இல்லை. படிப்பை முடித்து ஒரு தலைமுறை விலகும். அடுத்த தலைமுறை வந்து சேரும். அன்று மாணவராக நடந்தவர்கள் இன்று தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். 2002இல் உருவான ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவக் குப்பங்களின் இளைஞர்களையே காவலர்களாக்கி இப்பணியைச் செய்துவருகிறது. வனத்துறையும் தானே குஞ்சு பொரிப்பகங்களை நடத்துகிறது.

இருட்டே வகுப்பறை

பருவ காலத்தின் வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் இந்நடையில் கலந்துகொள்ளலாம். ஊர் அடங்கியபின் நீலாங்கரைக் கரையில் கூடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், தாய்மார்கள், பேரனின் கையைப் பிடித்த தாத்தாக்கள் எனப் பலரும் உண்டு. முதலில் மணலில் அமர்த்தி, ஆமையின் வாழ்வை எடுத்துரைக்கிறார்கள். விதிகள் சில: கைவிளக்கு கூடாது, ஒளி பாய்ச்சிப் படம் எடுக்கலாகாது, உரத்த பேச்சு ஆகாது. வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இராத பிள்ளை, அங்கே மூச்சடக்கி நிற்கும். நடை தொடங்கினால் திருவான்மியூர்க் கரையைக் கடந்து, பெசன்ட் நகரில் முடிய விடியற்காலை ஆகிவிடும். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். திருவான்மியூரில் மருந்தீசுவரர் சந்நிதியும், பெசன்ட் நகரில் அலையை நோக்கி நிற்கும் அஷ்டலட்சுமி ஆலயமும் இந்தப் பாதைக்குப் பக்கத்திலேயே உள்ளன.

ஆமை தட்டுப்படாத இரவுகள் பல. கிடைப்பது பெரும்பாலும் சுவடு மட்டுமே. கடலிலிருந்து ஏறி, வளைந்து, மீண்டும் கடலில் இறங்கும் அந்தச் சுவட்டைக் கண்டதும், பழகிய தொண்டர் மணலைக் கோலால் மெல்ல ஊன்றிப் பார்த்துக் குழியை அறிவார். முட்டைகளைக் கையால் ஒவ்வொன்றாக எடுப்பர். காலம் தாழ்ந்தால் உள்ளே கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும்; அதன்பின் புரட்டினால் இறந்துபோகும். ஆதலின் அன்றிரவே, உருளாமல் குலுங்காமல் பொரிப்பகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். தாய் தோண்டிய குழி எத்தனை ஆழமோ, எவ்வடிவமோ, அத்தனை ஆழத்தில் அவ்வடிவத்திலேயே வேறு குழி எடுத்து, முட்டைகளை வைத்து மூடி, நாளும் எண்ணிக்கையும் எழுதிய அட்டையை நடுவர்.

நாள் நெருங்கினால் குழியின்மேல் கூடை கவிழ்க்கப்படும். ஓரிரவு மணல் சிறிது உள்வாங்கும். உள்ளங்கையில் அடங்கும் கருங்குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாக வெளிவரும். அவற்றை எண்ணி எடுத்துப் போய், நீரிலேயே விட்டுவிடுவதில்லை. அலைக்குச் சற்று மேலே மணலில் விட்டு, தானே நடந்து கடலைச் சேர விடுகிறார்கள். வளர்ந்த பெண் ஆமை பல்லாண்டுகள் கழித்துத் தான் பிறந்த கரைப்பகுதியையே தேடி வரும். பிறந்த மண்ணை அடையாளம் கொள்ள இந்தச் சிறு நடையும் உதவக்கூடும் என்பது கருத்து.

தீராத கவலை

முட்டைகளை இடம் மாற்றுவது சிறந்த வழி அன்று. வேறு வழியின்மையால் கொண்ட வழி. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. வெம்மை மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். பொரிப்பகத்து மணல் தாய் தேர்ந்த மணலுக்கு முற்றும் ஈடாகாது. கரை இருண்டும் தூய்மையாகவும் இருக்குமாயின் இவ்வேலைக்கே அவசியம் இராது.

கடலிலும் அபாயம் குறையவில்லை. ஆமை நீரில் வாழ்ந்தாலும் நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவை மடியில் சிக்கி மேலே வர இயலாமற் போனால் மூச்சு முட்டி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. கீழைக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடை தொடங்கும்போது தாய் ஆமைகளுள் பெரும்பாலானவை முட்டையிட்டு முடித்திருக்கும். கரையை ஒட்டிய கடலில் பெரிய விசைப்படகுகள் இழுவை மடி இழுக்கலாகாது என்ற விதி உண்டு. அவ்விதி காக்கப்பட்டாலே பல உயிர் பிழைக்கும். ஆயிரம் குஞ்சு கடலில் இறங்கினால் ஒன்றே வளர்ந்து தாயாகும் என்பர். அந்த ஒன்று முட்டையிட வரும் வழியில் மாய்வது, ஆயிரம் குஞ்சுகளுக்காக விழித்த இரவுகளெல்லாம் வீணாவதற்குச் சமம்.

அடியார் செய்யக்கூடியது

ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்க எல்லா முழங்கால்களும் இடம் தரமாட்டா. நடக்காமலே செய்யும் தொண்டும் உண்டு. கடலோரத்தில் வசிப்போர், தை முதல் சித்திரை வரை கடல் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவிடலாம், அல்லது திரையிட்டு மறைக்கலாம். மாசிமகத் தீர்த்தவாரிக்கும் அமாவாசைத் தர்ப்பணத்துக்கும் கடலுக்குச் செல்வோர், மாலை கட்டிய பிளாஸ்டிக் நாரையும் பூசைப்பொருள் கொண்டுவந்த பையையும் அங்கே விடாமல் எடுத்து வரலாம். மிதக்கும் பையை இரையென்று விழுங்கி ஆமைகள் மடிவதுண்டு. கரையில் ஆமையையோ குஞ்சையோ கண்டால் சூழ்ந்து நின்று தொடாமல், வனத்துறைக்குத் தெரிவிக்கலாம். பேரக்குழந்தைகளுக்குக் கூர்மாவதாரக் கதை சொல்லும் இரவில், அந்தக் கூர்மம் இன்றும் நம் கரைக்கு வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மந்தர மலையைத் தாங்கியவனுக்கு நம் துணை வேண்டியதில்லை. அவன் எடுத்த வடிவத்தைத் தாங்கிய உயிர்களுக்கு வேண்டியிருக்கிறது. தாய் ஆமை கடலுக்குள் இருந்து நினைக்கிறது என்கிறது மரபு. கரையில் இருந்து அந்த முட்டைகளை நினைக்கச் சிலர் இருக்கிறார்கள். பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்தில் இரவுதோறும் கூடையைத் தூக்கிப் பார்க்கும் தொண்டரும், விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போகும் பாட்டியும் அந்த நினைவில் பங்குகொள்கிறார்கள். பங்குனியில் வந்து போன ஆமையின் குஞ்சுகள் சித்திரை, வைகாசியில் அலை சேரும்போது, அந்தப் புண்ணியத்தில் இருவருக்கும் சம பாகம் உண்டு.