ஸ்டார் பிளேயரை வித்துட்டு டீமைத் திரும்பக் கட்டலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறேன்.)

இன்னைக்கு அமெரிக்கன் ஃபுட்பால் பேசப் போறோம். காலால உதைக்கிற நம்ம ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட் போட்டுக்கிட்டு மோதுற என்எஃப்எல். இந்த ஆட்டமே பார்த்ததில்லைன்னாலும் பரவாயில்ல, இன்னைக்கு வேண்டிய ரூல்ஸ் ரெண்டே ரெண்டுதான்.

2021 ஜனவரி 30, சனிக்கிழமை ராத்திரி. நான் மிச்சிகன்ல மாஸ்டர்ஸ் படிச்சிட்டிருந்தேன். ரூம்மேட் ஃபோனை என் முகத்துக்கு நேரா நீட்டி, "டேய், ஸ்டாஃபோர்டை அனுப்பிட்டாங்கடா"ன்னு சொன்னான். மேத்யூ ஸ்டாஃபோர்ட், டெட்ராய்ட் லயன்ஸ் அணியோட குவார்ட்டர்பேக். 2008-ல் லயன்ஸ் 16 மேட்ச் ஆடி பதினாறிலும் தோத்தாங்க. அந்தத் தோல்விக்குப் பரிசா 2009 டிராஃப்ட்ல முதல் ஆளா கிடைச்சவர்தான் ஸ்டாஃபோர்ட். 12 சீசன் ஆடினார். விலா எலும்பு, முதுகுன்னு அடிபட்டும் ஆடினார். ஆனா பிளேஆஃப்ல ஒரு மேட்ச் கூட ஜெயிக்கல. மூணு முறை போய் மூணும் தோல்வி.

நான் லயன்ஸ் பார்க்க ஆரம்பிச்சு அப்போ ரெண்டு சீசன்தான் ஆகியிருந்தது. எனக்கே வயித்தைப் பிசைஞ்சது. அந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரூம்ல சண்டை. "இருக்கிற ஒரே நல்ல ஆளையும் வித்துட்டா எதை வச்சு கட்டுவாங்க?" இது நான். "இவரை வச்சுக்கிட்டு 12 வருஷத்துல எதைக் கட்டினாங்க?" இது அவன்.

அந்தக் கேள்விதான் இன்றைய எபிசோட்.

முதல்ல ரெண்டு ரூல்

ஒண்ணு, டிராஃப்ட். ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. காலேஜ் முடிச்சு வர்ற வீரர்களை 32 அணிகளும் வரிசையா தேர்ந்தெடுப்பாங்க, மொத்தம் 7 ரவுண்ட். போன சீசன்ல கடைசியா வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்கு அந்த ரவுண்டின் கடைசி வாய்ப்பு. இந்த வாய்ப்புக்குப் பேர் பிக். முக்கியமான விஷயம், வருங்கால பிக்கையும் விற்கலாம், வாங்கலாம். 2027-ல் யாரைத் தேர்ந்தெடுப்போம்னு யாருக்கும் தெரியாது, ஆனா அந்த உரிமைக்கு இன்னைக்கே விலை உண்டு.

ரெண்டு, சம்பள உச்சவரம்பு. 1994-ல் வந்தது. 2025-க்கு ஒரு அணிக்கு 27.92 கோடி டாலர். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரரா இருந்தாலும், சீசன்ல 53 பேர் கொண்ட அணியை இந்தக் கணக்குக்குள்ளதான் வச்சிருக்கணும். ஒரு ஸ்டாருக்கு 4 கோடி போனா, மத்தவங்களுக்கு அவ்வளவு குறையும்.

அப்போ ஸ்டாரை வித்தா பிக்கும் கிடைக்கும், சம்பளமும் மிச்சமாகும். பேப்பர்ல பார்த்தா அருமையான திட்டம். ஆனா இதுல ஒரு கண்ணி இருக்கு. ஒப்பந்தத்துல கையெழுத்து போடும்போது தர்ற போனஸை, கணக்குல அதிகபட்சம் 5 வருஷத்துக்குப் பிரிச்சு எழுதலாம். 5 கோடி டாலர் போனஸ்னா வருஷத்துக்கு ஒரு கோடி. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த வீரரை வித்தா, மீதி 3 கோடியும் பழைய அணி கணக்குல உடனே வந்து விழும். ஜூன் 1-க்குப் பிறகு வித்தா ரெண்டு வருஷமா பிரியும், அவ்வளவுதான். ஆள் வேற ஊர்ல ஆடுவார், இஎம்ஐ நம்ம கட்டணும்.

கேஸ் 1: டல்லஸ், 1989

இந்த விவாதம் எங்க நடந்தாலும் முதல்ல வர்ற பேர் ஹெர்ஷல் வாக்கர். 1988-ல் டல்லஸ் கவ்பாய்ஸுக்காக 1,514 யார்டு ஓடினவர். அடுத்த வருஷம் ஜெர்ரி ஜோன்ஸ் அணியை வாங்கினார், ஜிம்மி ஜான்சனைக் கோச்சா கொண்டுவந்தார். முதல் 5 மேட்சும் தோல்வி. அக்டோபர் 12-ம் தேதி வாக்கரை மினசோட்டா வைக்கிங்ஸுக்கு அனுப்பினாங்க. பதிலுக்கு வந்தது 5 வீரர்கள், கூடவே 3 முதல் ரவுண்ட், 3 இரண்டாம் ரவுண்ட் உட்பட ஒரு குவியல் பிக்குகள்.

இதுல ஒரு நுணுக்கம் உண்டு. பல பிக்குகள் அந்த 5 வீரர்களோட கட்டப்பட்டிருந்தன. வீரரை வச்சுக்கிட்டா பிக் இல்ல, குறிப்பிட்ட தேதிக்குள்ள நீக்கினா பிக் உண்டு. வைக்கிங்ஸ் அந்த வீரர்களைத்தான் விலைன்னு நினைச்சாங்க. ஜான்சனுக்கோ கண்ணு முழுக்க பிக் மேலதான்.

அந்த சீசன் கவ்பாய்ஸ் முடிச்சது 1 வெற்றி, 15 தோல்வி. 1990-ல் வைக்கிங்ஸ் தந்த பிக்கையும் இன்னொரு பிக்கையும் சேர்த்துக் கொடுத்து, டிராஃப்ட் வரிசையில முன்னேறி எம்மிட் ஸ்மித்தை எடுத்தாங்க. என்எஃப்எல் வரலாற்றிலேயே அதிக தூரம் ஓடினவர் அவர்தான், 18,355 யார்டு. 1992, 1993, 1995 சீசன்கள்ல மூணு சூப்பர் பௌல். வைக்கிங்ஸ் வாக்கரை வச்சு ஒரு சூப்பர் பௌலுக்கும் போகல.

இதைக் கேட்டா யாருக்கும் வித்துடலாம்னுதான் தோணும். ஆனா ரெண்டு விஷயத்தை மறந்துடறோம். எதிர்ல உட்கார்ந்தவர் இவ்வளவு பெரிய விலை தரத் தயாரா இருந்தார். இன்னைக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கிறது கஷ்டம். அப்புறம், குவார்ட்டர்பேக் டிராய் எய்க்மன் அதே வருஷம் ஏற்கெனவே டிராஃப்ட்ல வந்துட்டார். அஸ்திவாரத்துல ஒரு கல் போட்ட பிறகுதான் வித்தாங்க.

கேஸ் 2: ஓக்லண்ட், 2018

அதே திட்டம், வேற முடிவு. கலீல் மேக், 2016-ல் லீகோட சிறந்த டிஃபென்ஸ் வீரர். வயசு 27. சம்பளத்துல ஒத்து வரல, ரைடர்ஸ் 2018 செப்டம்பர் 1-ல் சிகாகோ பேர்ஸுக்கு அனுப்பிட்டாங்க. முக்கியமா கிடைச்சது 2 முதல் ரவுண்ட் பிக். பேர்ஸ் உடனே அவருக்கு 6 வருஷம், 14.1 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தாங்க.

மேக் போன பேர்ஸ் அந்த சீசனே 12 மேட்ச் ஜெயிச்சாங்க. அதனால அவங்க தந்த பிக் என்ன ஆச்சு? 24-ம் இடத்துக்குத் தள்ளிப்போச்சு. வித்த ஸ்டார் நல்லா ஆட ஆட, நமக்கு வர்ற பிக்கோட மதிப்பு குறையும். இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. அந்த 24-ம் பிக்ல வந்த ஜோஷ் ஜேக்கப்ஸ் நல்ல வீரர்தான். ஆனா அடுத்த வருஷ பிக்ல எடுத்தவரை 2021 நவம்பர்ல அணியே நீக்கிடுச்சு. மேக்கை வித்த மேனேஜருக்கு அந்த டிசம்பரே வேலை போச்சு. பிக்கை வச்சுத் தேர்ந்தெடுத்தவங்க வேற ஆட்கள். 2021 சீசன் முடிஞ்சதும் அவங்களும் இல்ல.

பேர்ஸும் மேக்கை வச்சு ஒரு பிளேஆஃப் மேட்ச் கூட ஜெயிக்கல என்பது வேற கதை. ஆனா ஓக்லண்ட் ரசிகர்களை நினைச்சுப் பாருங்க. 2018-ல் ஸ்டார் போனார். 2020-ல் அணியே லாஸ் வேகஸுக்குப் போச்சு. எதிர்காலத்துக்காகப் பொறுத்துக்கோங்கன்னு சொல்லப்பட்டவங்களுக்கு அந்த எதிர்காலம் வேற ஊர்ல.

கேஸ் 3: டெட்ராய்ட், 2021

இப்போ எங்க ஊருக்கு வரேன். ஸ்டாஃபோர்டுக்கு 33 வயசு ஆகப்போகுது. அவரே மாற்றம் கேட்டார். ராம்ஸ் தந்தது 2022, 2023 முதல் ரவுண்ட் பிக்குகள், 2021 மூணாம் ரவுண்ட் பிக், கூடவே ஜாரெட் காஃப். காஃபை யாரும் பரிசா பார்க்கல. பெரிய சம்பளத்தோட ராம்ஸ் தலையில இருந்து இறக்கி நம்ம தலையில வச்ச சுமைன்னுதான் எல்லாரும் பேசினாங்க, நானும் பேசினேன்.

2021 சீசன்ல முதல் 11 மேட்ச்ல ஒரு வெற்றி கூட இல்ல, ஒரு டை மட்டும். டிசம்பர் 5-ல் கடைசி பந்துல வைக்கிங்ஸை ஜெயிச்சப்போ நான் நாற்காலி மேல ஏறி நின்னேன். சில வாரத்துல ராம்ஸ் சூப்பர் பௌல் ஜெயிச்சாங்க, ஸ்டாஃபோர்ட் கையில கோப்பை. சந்தோஷமும் வயித்தெரிச்சலும் ஒரே நேரத்துல வரும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

அடுத்த சீசன் ராம்ஸ் 12 மேட்ச் தோத்தாங்க. அவங்க தந்த 2023 பிக் 6-ம் இடத்துக்கு வந்துடுச்சு. லயன்ஸ் அதை அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34-ம் பிக்குகளை வாங்கினாங்க. அதுல வந்தவங்கதான் ஜமீர் கிப்ஸ், சாம் லபோர்ட்டா. சுமைன்னு சொன்ன காஃப், 2024-ல் 4 வருஷத்துக்கு 21.2 கோடி டாலர் ஒப்பந்தம் போடற அளவுக்கு வளர்ந்தார். இதுக்கெல்லாம் மேல, தேர்ந்தெடுத்த மேனேஜர் பிராட் ஹோம்ஸும் கோச் டான் கேம்பலும் தோல்வி வருஷங்கள்லயும் மாறவே இல்ல.

என் பதில்

விக்கலாமான்னு கேட்டா, மூணு கேள்வி கேட்பேன்.

ஒண்ணு, டீம் தயாராகிறப்போ இந்த ஸ்டாருக்கு என்ன வயசு இருக்கும்? கட்டி முடிக்க மூணு வருஷம்னு வைங்க. ஸ்டாஃபோர்டுக்கு 36 ஆகும், மேக்குக்கு 30. லயன்ஸ் வித்தது நியாயம். மேக் விஷயத்துல, அந்தக் கட்டடத்துலயே அவர் ஒரு தூணா இருந்திருக்கலாம்.

ரெண்டு, வர்ற பிக்கை யார் தேர்ந்தெடுக்கப் போறாங்க, அவங்க மூணு வருஷம் வேலையில இருப்பாங்களா? பிக் என்பது வெறும் வாய்ப்புச் சீட்டு. சாஃப்ட்வேர்லயும் இதே கதைதான். பழைய கோடை மொத்தமா தூக்கிட்டு புதுசா எழுதலாம்னு முடிவெடுக்கிறது சுலபம். முடிவெடுத்தவரே பாதியில வேற வேலைக்குப் போயிட்டா, பழசும் இல்லாம புதுசும் இல்லாம நிற்போம்.

மூணு, போனஸ் கணக்கு. வித்த பிறகும் அவருக்காக எத்தனை கோடி நம்ம கணக்குல நிற்கும்? அது மிச்சத்தைத் தின்னுடும்னா, வித்ததுல பாதி லாபம் போச்சு.

மூணுக்கும் நல்ல பதில் இருந்தா வித்துடுங்க. ஒண்ணுதான் இருக்குன்னா, அது ரீபில்ட் இல்ல, சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறது.

2025 ஆகஸ்ட்ல அதே ஜெர்ரி ஜோன்ஸ், 26 வயசு மைக்கா பார்சன்ஸை 2 முதல் ரவுண்ட் பிக்குக்கும் கென்னி கிளார்க் என்ற வீரருக்கும் கிரீன் பே பேக்கர்ஸுக்கு அனுப்பினார். பேக்கர்ஸ் அவருக்குத் தந்தது 4 வருஷம், 18.8 கோடி டாலர். வாக்கர் கதையை நினைச்சு செஞ்சிருக்கலாம். என் முதல் கேள்வியில அந்த டிரேட் தேறாது.

கடைசியா ஒண்ணு. 2024 ஜனவரி 14. பிளேஆஃப், டெட்ராய்ட்ல, எதிரணி ராம்ஸ். ஸ்டாஃபோர்ட் மைதானத்துக்குள்ள வந்தப்போ அவர் 12 வருஷம் உழைச்ச ஊரே கூச்சல் போட்டு விரட்டுச்சு, காஃப் பேரைச் சொல்லிக் கத்துச்சு. 24-23, லயன்ஸ் வெற்றி. 1992 ஜனவரிக்குப் பிறகு முதல் பிளேஆஃப் வெற்றி. நான் கத்தினேன், அழுதேன். ஆனா அவரைப் பார்த்து கூச்சல் போட மட்டும் மனசு வரல. விக்கிறதுக்குக் கணக்கு இருக்கு, அது சரியாவும் வரலாம். அதுக்காக அந்த 12 வருஷம் கணக்குல இல்லாம போயிடாது.

ரூம்மேட் அன்னைக்கு ராத்திரி ஒரே வரி மெசேஜ் அனுப்பினான்: "சொன்னேன்ல?" சொன்னான், ஒத்துக்கிறேன்.

உங்க டீம்ல யாரை விக்கலாம், யாரை விக்கவே கூடாதுன்னு எழுதி அனுப்புங்க, ஐபிஎல்லா இருந்தாலும் சரி. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.