முறுக்குவிசை மாற்றிப் பூட்டு மின்னிணைப்பு

முறுக்குவிசை மாற்றிப் பூட்டு மின்னிணைப்பு என்பது, தானியங்கி கியர்பெட்டி கொண்ட ஊர்தியில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் நழுவலின்றிப் பிணைக்கும் பூட்டுக் கிளட்ச்சை இயக்குவதற்கான மின்சுற்று ஆகும். தொழிற்சாலையில் உருவான ஊர்தியில் இப்பணியை எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி செய்கிறது. கணினி இல்லாத பழைய ஊர்தியில் பிற்காலக் கியர்பெட்டி ஒன்றைப் பொருத்தும்போது இச்சுற்றைப் புதிதாக அமைக்க வேண்டியுள்ளது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்சின் மூன்று வேக டர்போ ஹைட்ராமேட்டிக் 350 பெட்டியை நீக்கி, அதே நிறுவனத்தின் நான்கு வேக 700ஆர்4 பெட்டியைப் பொருத்துவது இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

பூட்டு ஏன் தேவை

டார்க் கன்வெர்ட்டர் எனப்படும் முறுக்குவிசை மாற்றியில், எஞ்சினோடு சுழலும் எக்கி எண்ணெயைத் தள்ள, அவ்வெண்ணெய் கியர்பெட்டியோடு இணைந்த சுழலியைத் திருப்புகிறது. இரண்டுக்கும் இடையே எண்ணெய் மட்டுமே இருப்பதால் சுழலி எப்போதும் எக்கியைவிடச் சற்று மெதுவாகவே சுழலும். இந்த நழுவலில் இழக்கப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. 30 கிலோவாட் திறன் கடத்தப்படும் நிலையில் 5 விழுக்காடு இழப்பு எனக் கொண்டால், 1.5 கிலோவாட் வெப்பம் இடைவிடாது எண்ணெயில் சேர்கிறது. இது துணி தேய்க்கும் மின்பெட்டி ஒன்றை எண்ணெய்க்குள் அமிழ்த்தி வைத்ததற்கு ஒப்பாகும்.

பாக்கார்டு நிறுவனத்தின் அல்ட்ராமேட்டிக் பெட்டியில் 1949 ஆம் ஆண்டிலேயே நேரடிப் பூட்டு இருந்தது. எனினும் 1973 எண்ணெய் நெருக்கடிக்கும், 1975 இல் அமெரிக்கா இயற்றிய எரிபொருட் சிக்கனச் சட்டத்திற்கும் பின்னரே இது பரவலானது. கிரைசுலர் 1978 மாதிரி ஆண்டில் பூட்டுடைய பெட்டிகளை வெளியிட்டது. 700ஆர்4 1982 மாதிரி ஆண்டில் வந்தது. அதன் நான்காம் கியர் விகிதம் 0.70 ஆகும். சக்கரச் சுற்றளவு 2 மீட்டர், பின் அச்சு விகிதம் 3.73 எனில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,110 முறை சுழலும். நான்காம் கியரில், பூட்டு இயங்கும்போது, 2,180 முறையே சுழலும். பெட்டி மாற்றத்தின் பயன் இதுவே. பூட்டை இணைக்காமல் நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் செய்தால் இப்பயனின் ஒரு பகுதி வீணாவதோடு, சூடேறிய எண்ணெய் கிளட்ச்சுத் தகடுகளையும் கெடுக்கும்.

இயங்கும் விதம்

பூட்டை மின்சாரம் நேரடியாக இயக்குவதில்லை. மாற்றியின் உட்புறத்தில் உறையை ஒட்டி ஓர் உராய்வுத் தகடு உள்ளது. எண்ணெய் அதன் முன்புறமாக நுழையும்போது தகடு உறையை விட்டு விலகி நிற்கும். எண்ணெயின் திசை மாறிப் பின்புறமாக நுழைந்தால் தகடு உறையோடு அழுந்திப் பூட்டிக்கொள்ளும். இத்திசை மாற்றத்தைச் செய்யும் வால்வுக்குக் கட்டளை தருவதே சொலினாய்டின் வேலை. ஆகவே அது ஓர் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்ளும்.

சுற்றின் அமைப்பு

700ஆர்4 பெட்டியின் பக்கவாட்டில் ஏ, பி, சி, டி எனக் குறியிட்ட நான்குமுனை இணைப்பி உள்ளது. ஏ முனையில் 12 வோல்ட்டு வழங்கப்படுகிறது. கணினி உள்ள ஊர்தியில் டி முனையைக் கணினி புவியிணைப்புச் செய்யும்போது பூட்டு இயங்கும். உள்கம்பியமைப்பு ஆண்டுக்கும் ஊர்திக்கும் ஏற்ப வேறுபடுவதால், எண்ணெய்த் தட்டைக் கழற்றிப் பார்த்தோ மின்தடைமானியால் அளந்தோ உறுதி செய்யாமல் மின்சாரம் கொடுத்தல் கூடாது.

கணினி இல்லாத ஊர்தியில் மின்னோட்டம் எரியூட்டுச் சாவியால் கட்டுப்படும் இணைப்பிலிருந்து தொடங்கி, உருகி, பிரேக்குச் சாவி, வெற்றிடச் சாவி ஆகியவற்றைக் கடந்து ஏ முனையை அடையும். சொலினாய்டின் மறுமுனை பெட்டிக்குள் உள்ள நான்காம் கியர் அழுத்தச் சாவியோடு இணைக்கப்படும். நான்காம் கியருக்கான எண்ணெய் அழுத்தம் வந்தவுடன் அச்சாவி மூடி, பெட்டியின் உடல் வழியாகப் புவியிணைப்புத் தரும்.

மிகுந்த பிழை நேர்வது பிரேக்குச் சாவியில்தான். விளக்கிற்கான சாதாரணச் சாவி மிதியை அழுத்தும்போது மூடுவது. பூட்டுக்குத் தேவையானதோ அழுத்தும்போது திறப்பது. விளக்குக் கம்பியிலிருந்து நேரடியாகக் கிளை எடுத்தால், பிரேக்கிடும்போது மட்டும் பூட்டு விழும் விபரீதம் நேரும். ஐந்துமுனை ரிலே ஒன்றின் 86 ஆம் முனையை விளக்குக் கம்பியோடும், 85 ஐப் புவியோடும், 30 ஐ மின்வழங்கலோடும், 87ஏ முனையைச் சொலினாய்டுப் பக்கத்தோடும் இணைப்பது பலர் கையாளும் வழி. இதில் ஒரு குறை உண்டு. பிரேக்கு விளக்கின் உருகி எரிந்துவிட்டால் ரிலே இயங்காது, பூட்டும் விடுபடாது. அவ்வேளையில் வழுக்கும் சாலையில் திடீரெனப் பிரேக்கிட்டால், பின் சக்கரங்கள் நிற்கும்போது எஞ்சினும் நின்றுவிடக்கூடும். அதனோடு விசைத்திருப்பியின் உதவியும் போய்விடும். ஆகையால் இரு தொடர்புகள் கொண்ட பிரேக்குச் சாவியே மேலானது.

வெற்றிடச் சாவி, ஓட்டுநர் முடுக்கியை ஆழமாக மிதிக்கும்போது பூட்டை விடுவிக்கிறது. இதனை எஞ்சினின் உள்ளிழு குழாயோடு நேரடியாக இணைப்பதை விட, கார்புரேட்டரில் முடுக்கித் தகட்டிற்குச் சற்று மேலுள்ள துளையோடு இணைப்பது நன்று. அங்கு எஞ்சின் வெறுமனே ஓடும்போதும் முடுக்கியை முழுவதும் விட்டபோதும் வெற்றிடம் இராது. சீரான ஓட்டத்தில் மட்டும் இருக்கும். சிறு மேடுகளில் பூட்டு விழுவதும் எழுவதுமாகத் தடுமாறினால், குழாயில் ஒரு தாமத வால்வைச் சேர்ப்பதுண்டு.

இவற்றையெல்லாம் விட்டு, ஓட்டுநர் கையால் இயக்கும் ஒற்றைச் சாவியை வைப்போரும் உளர். மலிவானது, ஆனால் மறதிக்கு இடம் தருவது.

சோதித்தல்

சமதளச் சாலையில் நான்காம் கியரில் சீராக ஓட்டும்போது பூட்டு விழுந்தால் சுழற்சிமானியின் முள் சிறிது கீழிறங்கும். முடுக்கியை மாற்றாமல் பிரேக்கு மிதியை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டால் முள் மேலேற வேண்டும். ஏறவில்லையெனில் பூட்டு விழவே இல்லை, அல்லது விழுந்தது விடுபடவில்லை.

மின்னிணைப்பு சரியாக இருந்தும் பெட்டி விரைவில் பழுதானால், காரணம் பெரும்பாலும் கார்புரேட்டரிலிருந்து வரும் முடுக்கி வடத்தில் இருக்கும். பழைய 350 பெட்டியின் வடம் கீழ்க்கியருக்கு இறக்க மட்டுமே உதவியது. 700ஆர்4 இன் வடமோ எண்ணெய் அழுத்தத்தையே நிர்ணயிக்கிறது. அது தளர்ந்திருந்தால் சில கிலோமீட்டர்களிலேயே கிளட்ச்சுகள் கருகும்.

மின்னணுப் பெட்டிகள்

700ஆர்4 இன் வழிவந்த 4எல்60-இ 1993 மாதிரி ஆண்டில் அறிமுகமானது. இதில் கியர் மாற்றமும் சொலினாய்டுகளாலேயே நடைபெறுவதால் மேற்கூறிய எளிய சுற்று போதாது. தனிக் கட்டுப்பாட்டுக் கணினி தேவை. 1995 முதல் பூட்டின் அழுத்தமும் மின்துடிப்புகளின் அகலத்தால் படிப்படியாக ஆளப்பட்டது. ஆகவே அத்தகைய பெட்டியில் பூட்டுக்கு மட்டும் சாவி ஒன்றை வைத்து நேரடியாக 12 வோல்ட்டு கொடுப்பது பொருந்தாது.