கணப்பும் புகைபோக்கியும்

மார்கழித் திங்கள் பிறந்ததும் மலைநாட்டில் வாழும் நம்மவரிடையே எழும் வினா, "வீட்டை எவ்வாறு வெம்மையுறச் செய்வது?" என்பதாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள தலவாக்கலையிலும், 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலும் விடியற்குளிர் எத்தகையது என்பதைச் சமவெளியில் வாழும் அன்பர்கள் எளிதில் உணரார். நுவரெலியாவில் தை மாதத்துச் சில விடியல்களிற் புல்லின்மேல் உறைபனி படிந்து கிடக்கும்.

குளிருக்கு அஞ்சி நெருப்பை வீட்டினுள் கொணர்வது தமிழர்க்குப் புதிதன்று. கூதிர்க்காலத்திலே எவரும் குளிர்நீரை விரும்பாது, அகன்ற வாயையுடைய சட்டியில் இட்ட நெருப்பை நாடியதை நக்கீரர் நெடுநல்வாடையிற் பாடியுள்ளார். அச்சட்டிக்கு அவர் வழங்கும் பெயர் 'தடவு' என்பது. பிற்காலத்தார் அதனை இந்தளம் என்றும் கணப்புச் சட்டி என்றும் கூறினர்.

பிற நாட்டார் இதனினும் ஒரு படி மேற்சென்றனர். உரோமர் தரையைச் சிறு தூண்களின்மேல் உயர்த்தி, அதனடியிலே வெப்பக் காற்றைச் செலுத்தினர். கொரியர் அடுப்பின் வெம்மையையும் புகையையும் தரையின் கீழ் ஓடச்செய்து, இறுதியிற் புகையை வெளியேற்றினர். இக்காலத்து ஐரோப்பியர் ஒரு கொதிகலத்திற் காய்ச்சிய நீரைக் குழாய்வழியே அறைதோறும் அனுப்புகின்றனர். முறைகள் வேறாயினும் அடிப்படை ஒன்றே: வெம்மை உள்ளே நிற்றல் வேண்டும், புகை வெளியே போதல் வேண்டும்.

நம் தோட்டங்களிலும் இவ்வுண்மையை அறிந்தோர் இருந்தனர். பழைய துரை பங்களாக்களைப் பாருங்கள். கூடத்திலே கணப்பு, அதன்மேற் கூரையைக் கடந்து நிற்கும் புகைபோக்கி. அதே தோட்டத்து லயக் காம்பராவையும் பாருங்கள். தகரக் கூரை; நெருக்கமான ஓர் அறை; எரியும் மிலாற்றின் புகைக்குக் கூரையிடுக்கன்றிப் பெரும்பாலும் வேறு வழியில்லை. பனி இருவர்க்கும் பொதுவாயிருந்தது. புகைபோக்கியோ ஒருவர்க்கே உரியதாயிற்று.

இது வசதிக் குறைவு மட்டுமன்று; உயிரைப் பற்றிய செய்தி. வீட்டினுள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அடுப்பருகே அதிக நேரம் இருக்கும் பெண்களும் குழந்தைகளுமே இதன் துன்பத்தை மிகுதியும் ஏற்பவர்.

எம் வீட்டிலும் இக்கேள்வி எழுந்தது. என் அன்னையார் எண்பதைக் கடந்தவர், இளைப்பு நோயுடையவர். குளிரும் ஆகாது, புகையும் ஆகாது. எனவே ஒவ்வொரு வழியையும் ஆராயலானேன்.

முதலாவது கரி இட்ட சட்டி. விலை குறைவு. ஆனால் கதவடைத்த அறையிற் கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு என்னும் வாயு திரளும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மாள்வர். ஆகவே அதனை விலக்கினேன்.

இரண்டாவது மின்கணப்பு. புகையற்றது. எனினும் 2 கிலோவாற்றுக் கருவியை நாள்தோறும் 4 மணி நேரம் இயக்கினால் மாதத்திற்கு 240 அலகு மின்சாரம் செல்லும். பயன்பாடு மிகமிகக் கட்டண வீதமும் ஏறும். தலவாக்கலையில் அணைகட்டி நீரை மறித்து, 2012ஆம் ஆண்டு முதல் 150 மெகாவாற்று ஆற்றல் கொண்ட மேல் கொத்மலை மின்நிலையம் இயங்குகின்றது. ஆயினும் அம்மின்சாரத்தால் அறையைச் சூடாக்க நம்மில் எத்தனை பேரால் இயலும்? 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மின்சாரமும் எரிவாயுவும் ஒருங்கே அரிதானதை எவரும் மறந்திலர்.

மூன்றாவது, மூடிய இரும்பு அடுப்பும் கூரைக்கு மேற்செல்லும் குழாயும். திறந்த கணப்பில் வெம்மையின் பெரும்பகுதி புகையுடன் போய்விடும். மூடிய அடுப்பிலோ இரும்பு சூடேறி அறையைக் காக்கும். விறகு நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரவிறகின் வெம்மை நீரை ஆவியாக்குவதிலேயே கழியும். குழாயைக் காலந்தோறும் துப்புரவு செய்தலும், காற்று உட்புக ஒரு வழி விடுதலும் இன்றியமையாதன.

இம்மூன்றாவதையே தேர்ந்தேன். எனினும் அதற்கு முன்னர்த் தகரத்தின் கீழ்ப் பலகையால் உட்கூரை அமைத்தேன். சூடான காற்று மேலெழும் இயல்பினது. வெற்றுத் தகரம் அவ்வெம்மையை வானுக்கு வாரி வழங்கும். கிழிந்த பையிற் பொன்னை இடுவார் உண்டோ? வெம்மையைத் தேடுமுன் அதனைக் காக்கும் வகையறிதல் வேண்டும். அடுப்பையோ சமையலறைக்கும் அன்னையார் அறைக்கும் இடைப்பட்ட சுவரில், சமையற்பக்கம் விறகிடும் வாய் இருக்குமாறு வைத்தேன். வீடு முழுவதையும் சூடாக்கும் வேட்கை நமக்கு வேண்டா; முதியோரும் குழந்தைகளும் உறையும் ஓர் அறை வெம்மையுற்றாற் போதும்.

லயத்தை விட்டுத் தனிவீடு செல்லும் காலம் நம் மக்களுக்கு வந்துள்ளது. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளுக்கு உதவி அறிவித்தார். 7 பேர்ச் நிலமும் நான்கு சுவரும் பெருஞ்செல்வமே. ஆனால் வரைபடம் எழுதுவோர் சமவெளி வீட்டையே மலைமேல் வைத்துவிடலாகாது. உட்கூரையும் புகைபோக்கியும் முதலிலேயே இடம்பெறுமாயிற் செலவு சிறிது. பின்னர்ச் சுவரை இடித்து அமைப்பதாயின் பெரிது. வீடு பெறுவோரும் திறப்புக் கையில் வருமுன்னரே இதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். துரை வீட்டுக் கூரையின்மேல் நின்ற புகைபோக்கி கொழுந்து பறிப்போர் கூரையின்மேலும் எழுவதே முறை.