மோட்டாரை மாற்றினால் மட்டும் போதுமா?

மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும் என்றதும் நம் கை விளக்கின் சுவிட்சுக்குத்தான் போகும். ஆனால், உலகில் பயன்படுத்தப்படும் மின்சாரத்தில் 40 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார்களைச் சுழற்றவே செலவாகிறது. மின்தூக்கி, தண்ணீர்ப் பம்பு, குளிரூட்டி, தொழிற்சாலை இயந்திரம் என எங்கும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

மின்பொறியியல் இரண்டாம் ஆண்டில் நான் மோட்டார்களைப் பற்றிப் படித்து வருகிறேன். அவற்றின் செயல்திறனை ஐஇ1, ஐஇ2, ஐஇ3 என அனைத்துலகத் தரநிலை வகைப்படுத்துகிறது. எண் கூடக்கூட விரயம் குறையும். தொழிற்சாலைகளில் பரவலாகப் பயன்படும் ஒற்றை வேக மும்முனை மோட்டார்களைப் புதிதாக விற்க, அவை குறைந்தது ஐஇ3 தரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி சிங்கப்பூரில் 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

கூடுதல் செம்பு, தரமான எஃகுத் தகடுகள் ஆகியவற்றால் விரயம் குறைகிறது. 7.5 கிலோவாட் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐஇ1 தரத்தில் அதன் செயல்திறன் 86 விழுக்காடு. ஐஇ3 தரத்தில் 90.4 விழுக்காடு. முழுச் சுமையில் ஆண்டுக்கு 4,800 மணி நேரம் ஓடினால், ஏறத்தாழ 2,000 யூனிட் மிச்சமாகும். ஒரு யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால், சுமார் 600 வெள்ளி.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. விரயம் குறைந்த மோட்டார், அதே சுமையில் பழையதைவிடச் சற்று வேகமாகச் சுழலக்கூடும். காற்றோட்ட விசிறிக்குத் தேவைப்படும் சக்தியோ, வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. நிமிடத்திற்கு 1,440 சுற்று 1,460 ஆனாலே, விசிறி 4 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல் சக்தியை இழுக்கும். புதிய மோட்டாரால் மிச்சமாகும் 5 விழுக்காட்டில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும்!

அதே மும்மடிக் கணக்கை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். வேகத்தை 80 விழுக்காட்டுக்குக் குறைத்தால், தேவைப்படும் சக்தி ஏறத்தாழ பாதியாகிவிடும். பல கட்டடங்களில் விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, காற்றுப் பாதையைத் தகட்டால் பாதி அடைத்து வைக்கிறார்கள். எண்ணெயை முழுதாக மிதித்துக்கொண்டே பிரேக் போட்டு வண்டி ஓட்டுவது போன்றது இது. அதற்குப் பதிலாக வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தினால், மோட்டாரை மாற்றிக் கிடைப்பதைவிடப் பல மடங்கு மிச்சம் கிடைக்கும்.

எல்லா இடத்திலும் இது பலிக்காது. அந்தக் கருவியும் கொஞ்சம் மின்சாரத்தைத் தின்னும். எப்போதும் முழு வேகத்தில் ஓடியே ஆகவேண்டிய இயந்திரத்தில் அதனால் நட்டம்தான். உயரமான மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பிலும், உயரத்தை வெல்லவே பெரும்பாலான சக்தி போய்விடுவதால் பலன் குறையும். எனவே, எந்தச் சாதனத்தையும் வாங்குமுன் அளந்து பார்ப்பதே முதல் வேலை.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு, இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் நாம் காசு கொடுத்து எரிக்கும் வாயு.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் நண்பர்களே, வேலைப் பயிற்சிக்குச் செல்லும் இடத்தில் மோட்டாரின் பெயர்த்தகட்டில் ஐஇ எண்ணைப் பாருங்கள். பிறகு மேற்பார்வையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது இவ்வளவு வேகமாக ஓடத்தான் வேண்டுமா?”